மாரி மழையில் வாடகை வீடு: திருகோணமலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகையும் மார்கழியும் திருகோணமலையில் மழைக்காலம். வாடைக்காற்று அடிக்கும், கடல் கலங்கும், ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். கம்பஸ் விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பலர் இந்த நாட்களில்தான் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு தேடி அலைகிறார்கள். அது தவறான காலம் இல்லை. சொல்லப்போனால் நல்ல காலம். ஆனால் மழை ஒரு வீட்டின் சில குறைகளைக் காட்டிக்கொடுக்கும், வேறு சிலவற்றை மறைத்துவிடும். எது எது என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும், மூன்று பேர் முதல் ஆறு பேர் வரை சேர்ந்து வீடு எடுக்க நினைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைகளை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் ஆட்கள், பிறகு காசு, பிறகு இடம், பிறகு வீடு, பிறகு எழுத்து, கடைசியாக அட்வான்ஸ். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, அன்றே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆள் தேடுகிறார்கள்.

1. முதலில் ஆட்களை உறுதி செய்யுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "நானும் வாறன்" என்று எழுதியவர்களை எல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டில் அம்மா அப்பாவுடன் கதைத்து, மாதம் இவ்வளவு தரலாம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் மட்டும்தான் ஆட்கள். ஆறு பேர் என்று நம்பி மூன்று அறை வீட்டை எடுத்து, குடிபுகும் நாளில் நான்கு பேர் மட்டும் நின்றால், அந்த நான்கு பேரும் மாதாமாதம் ஆறு பேரின் வாடகையைச் சுமக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் நான்கு பேர் நல்ல எண்ணிக்கை. இங்கே கிடைக்கும் அனெக்ஸ்களில், அதாவது வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதிகளில், பெரும்பாலும் இரண்டு அறையும் ஒரு குளியலறையும்தான் இருக்கும். காலை எட்டு மணி விரிவுரைக்கு ஆறு பேர் ஒரு குளியலறையில் குளித்து வெளிக்கிடுவது கஷ்டம். அதோடு, "ஆறு பொடியங்கள்" என்று கேட்டதும் வீட்டுக்காரர் பலர் பின்வாங்கிவிடுவார்கள்.

ஆட்கள் உறுதியான பிறகு எல்லோரும் ஒருநாள் இருந்து கதையுங்கள். கூச்சப்படாமல் கதைக்க வேண்டியவை இவை: சமையல் சேர்ந்தா, தனித்தனியா? மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமா? யார் இரவில் விழித்துப் படிக்கிறவர், யாருக்குப் பத்து மணிக்கு லைட் அணைய வேண்டும்? சிகரெட், குடி வீட்டுக்குள் வரலாமா? நோன்பு மாதத்தில் சஹருக்கு விடியப்புறம் எழும்பிச் சமைக்கிறவர் இருந்தால், குசினிக்குப் பக்கத்து அறை யாருக்கு? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கிண்ணியா என்று பல இடத்துப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கப் போகிறீர்கள். இவற்றை முதலே கதைத்தவர்கள் சண்டை பிடிப்பது குறைவு.

ஒரு விதியை மட்டும் கட்டாயம் எழுதி வையுங்கள். இடையில் ஒருவர் விலகினால், தனக்குப் பதில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளும் ஒருவரைக் கொண்டுவர வேண்டும், அதுவரை தன் பங்கைக் கட்ட வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதினால் இதில் யாருக்கும் மனம் நோகாது. பிரச்சினை வந்த பிறகு எழுதப் போனால், விலகுகிறவர் தன்னைக் குறிவைக்கிறார்கள் என்று நினைப்பார்.

2. கையில் எவ்வளவு காசு வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்

வாடகையை நான்கால் பிரித்துவிட்டு "இவ்வளவுதானே" என்று சொல்வது போதாது. முதல் மாதத்தில்தான் காசு ஓடும். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, புரோக்கர் மூலம் போனால் அவருடைய காசு, ஒப்பந்தம் எழுதும் செலவு, காஸ் சிலிண்டரும் அடுப்பும், வாளி, கயிறு, பல்ப் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். காஸுக்கு 12.5 கிலோ சிலிண்டர் வாங்குவதா, 5 கிலோ போதுமா என்பதையும் இப்போதே முடிவெடுங்கள். வெறும் சிலிண்டரின் விலையே சிறிய தொகை இல்லை.

மாரியில் வீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு செலவு கூட. தரையில் பாய் விரித்துப் படுக்கலாம் என்று வராதீர்கள். ஈரம் கீழிருந்து ஏறி மெத்தை பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய கட்டிலோ மரப்பலகையோ எதுவானாலும், தரையிலிருந்து உயர்த்திப் படுக்க வழி வேண்டும். ஆகவே கட்டில் போட்ட வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டாலும் யோசித்துப் பார்க்கலாம்.

மஹாபொல புலமைப்பரிசில் காசை வாடகைக்கென்று ஒதுக்காதீர்கள். அது வரும், ஆனால் ஒவ்வொரு மாதமும் வாடகைத் திகதிக்கு முன் வரும் என்று நம்ப முடியாது. குழுவாக ஒரு மாத வாடகையைத் தொடாமல் ஒருவரின் வங்கிக் கணக்கில் வைத்திருங்கள்.

3. இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு முன்னால் மூன்று தெரிவு.

முதலாவது, வளாகத்தைச் சுற்றியுள்ள கோணேசபுரி, சாம்பல்தீவு, நிலாவெளி. நடந்தோ சைக்கிளிலோ விரிவுரைக்குப் போகலாம், பஸ் காசு மிச்சம். ஆனால் மருந்து, ஃபோட்டோகொப்பி, பெரிய சந்தை எல்லாவற்றுக்கும் டவுனுக்கு ஓட வேண்டும். இரவானதும் பஸ் குறைந்துவிடும்.

இரண்டாவது, டவுன். உவர்மலை, திருக்கடலூர், மனையாவெளி, லிங்கநகர், அன்புவழிபுரம், பாலையூற்று என்று தேடலாம். குழாய்த்தண்ணீர், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கிட்ட. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பஸ்களில் வளாகத்துக்கு வரலாம். அடைமழை நாளில் அந்த பஸ்ஸைப் பிடிக்க எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீடு பஸ் போகும் பாதையிலிருந்து தள்ளி இருந்தால் ஆட்டோக் காசும் சேரும்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் உள்ள உப்புவெளியும் அலஸ்தோட்டமும். இங்கேதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். இவையும் நிலாவெளியும் சுற்றுலாப் பயணிகள் வரும் கடற்கரைகள். இங்கே சீசன் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. மாரியில் கெஸ்ட் ஹவுஸ் அறைகளும் அனெக்ஸ்களும் வெறுமையாகக் கிடக்கும். "சும்மா பூட்டிக் கிடக்கிறதுக்குப் பிள்ளையள் இருந்தால் நல்லதுதானே" என்று வீட்டுக்காரர் குறைந்த வாடகைக்குத் தருவார். டைல்ஸ் போட்ட தரை, நல்ல குளியலறை, ஜன்னலைத் திறந்தால் கடல். பிள்ளைகள் மயங்கிவிடுவார்கள். சித்திரை வந்ததும் அறை திரும்ப வேண்டும் என்பார், அல்லது வாடகை இரண்டு மடங்கு என்பார். அந்த நேரம் உங்களுக்குப் பரீட்சையும் இருக்கலாம்.

அதற்காக அந்த வீடுகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு ஐந்து மாதம் இருக்க மட்டும் இடம் தேவை என்றால் அதைவிட நல்ல பேரம் இல்லை. ஒரு வருடம் இருக்க நினைத்தால், முதல் போனிலேயே "சீசனுக்கும் நாங்கள் இருக்கலாமா, அதே வாடகையா?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அந்த வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள். பார்த்தால் ஆசை வந்துவிடும்.

4. தேடும் வழி

சீனியர்களிடம் கேட்பதுதான் முதல் வழி. வெளியேறப் போகிறவர்களின் வீடு நல்லதென்றால் அது விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடும். அடுத்தது, பார்க்கிற பகுதியின் பலசரக்குக் கடை. எந்த வீடு வெறுமையாக இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கடைக்கார அண்ணாவுக்குத் தெரிந்த அளவுக்குப் புரோக்கருக்குத் தெரியாது. இக்மன் இணையத்தளத்திலும் பேஸ்புக்கிலும் வரும் விளம்பரங்களையும் பாருங்கள்.

விளம்பரத்தைப் பார்த்து, வீட்டைப் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். "வேறு ஆள் கேட்கினம், ஒரு ஐயாயிரம் போட்டுவிட்டால் பிடித்து வைக்கிறன்" என்று சொல்பவர் உண்மையான வீட்டுக்காரராகவே இருக்கலாம். ஆனாலும் போய்ப் பார்க்கும் வரை காசு இல்லை என்பது உங்கள் குழுவின் விதியாக இருக்கட்டும்.

5. போனில் கேட்டுவிட்டுப் போங்கள்

மழையில் நனைந்து போய்ச் சேர்ந்த பிறகு "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்" என்று கேள்விப்படுவது தேவையில்லாத அலைச்சல். போனிலேயே கேளுங்கள்: எத்தனை பேர் இருக்கலாம், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், கரண்டுக்குத் தனி மீற்றரா, தண்ணீர் குழாயா கிணறா, சமைக்கலாமா, வாசல் தனியா, இரவு கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், எத்தனை மாதத்துக்குத் தருவார்கள்.

அட்வான்ஸ் என்றால் எந்த அட்வான்ஸ் என்று தெளிவாகக் கேளுங்கள். வீட்டை விடும்போது முழுதாகத் திரும்பி வரும் அட்வான்ஸ் உண்டு. மாதாமாதம் வாடகையில் கழிந்துகொண்டு போகும் அட்வான்ஸும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால்தான் சொல்வார்கள். திரும்பி வரும் என்று நீங்களும், கழியும் என்று அவரும் நினைத்துக்கொண்டால், வீட்டை விடும் நாளில் பெரிய மனஸ்தாபம் வரும்.

6. மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள்

பலர் மழை விடட்டும், வெயில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். வேண்டாம். ஒரு இரவு முழுக்கப் பெய்த மழைக்கு அடுத்த காலை நல்ல நேரம். இன்னும் பெய்துகொண்டிருந்தால் அதைவிட நல்லது.

ஒழுங்கையில் இருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பெரிய வீதியில் இருந்து வீட்டு வாசல் வரை தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? வீட்டுத் தரை ஒழுங்கையை விட உயரமா, பள்ளமா? வீதியைக் கொங்கிறீற் போட்டு உயர்த்திய இடங்களில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வீதித் தண்ணீர் முழுக்க வரும்.

பிறகு வெளிச்சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற சுவரில் ஒரு மங்கிய மண் கோடு இருக்கும். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் அயல் வீட்டு மதிலிலோ பின்பக்கக் கக்கூஸ் சுவரிலோ தேடுங்கள். அங்கே யாரும் பெயின்ற் அடிப்பதில்லை. அயலில் நிற்கும் அம்மா ஒருவரிடம் கேட்பது இன்னும் நல்லது. "இங்கே வெள்ளம் வருமா அம்மா?" என்று கேட்டால் "இல்லைத் தம்பி" என்றுதான் சொல்வார். "2025இல் டித்வா புயல் நேரம் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். அந்த நவம்பர் கடைசியை யாரும் மறக்கவில்லை, படியைக் கையால் காட்டுவார்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அந்த இரவையும் கேட்கலாம்.

உள்ளே போனதும் மேலே பாருங்கள். சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை இருந்தால் கூரை ஒழுகுகிறது. வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பழைய ஒழுக்கு, திருத்தியிருக்கலாம். ஈரமென்றால் இன்றைய ஒழுக்கு. ஓட்டு வீட்டில் சாரல் காற்றோடு ஓட்டிடுக்கால் வருவது சாதாரணம்தான், அது படுக்கிற இடத்தில் விழாமல் இருந்தால் போதும்.

இனி ஜன்னல்கள். வாடை வடகிழக்கில் இருந்து அடிக்கும். ஆகவே வடக்கையும் கிழக்கையும் பார்த்த ஜன்னல்களுக்குக் கீழே சுவர் ஊறியிருக்கிறதா, பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். அலுமாரியைத் திறந்து மணந்து பாருங்கள். பூஞ்சண மணம் அடித்தால் உங்கள் புத்தகங்களுக்கும் உடுப்புக்கும் அதே கதிதான். ஆஸ்துமா உள்ளவர் குழுவில் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

கக்கூஸில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஊற்றுங்கள். மாரியில் நிலத்தடித் தண்ணீர் மேலே வரும்போது மலக்குழி நிரம்பி, தண்ணீர் இறங்காமல் கோப்பையிலேயே நிற்கும். கடற்கரையோரத் தாழ்வான வளவுகளில் இது அடிக்கடி நடக்கிறது. குழி நிரம்பினால் கழிவை உறிஞ்சப் பவுசர் வண்டி பிடிப்பது யார் செலவு என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கிணறு இருந்தால் மலக்குழி எங்கே என்று கேட்டு, இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் மனம் ஒப்பாது. குடிக்கக் குழாய்த்தண்ணீர் வேறு வழியில் வருகிறதா என்று பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஈரச் சுவரும் பழைய வயரும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு சின்ன டெஸ்ட் பொத்தான் இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அதை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றிய பிறகுதான் குடிபுகுவோம் என்று சொல்லுங்கள். நியாயமான எந்த வீட்டுக்காரரும் இதை மறுக்க மாட்டார்.

கடைசியாக வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, டயர், உடைந்த வாளி, அடைபட்ட பீலி எல்லாம் நுளம்புக்குத் தொட்டில். டெங்கு குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் சுகாதாரப் பரிசோதகர் வழக்கு எழுதுவது குடியிருப்பவர் பெயரிலாகவும் இருக்கலாம். உடுப்பு காயப்போடக் கூரை உள்ள இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். விறாந்தை இல்லாத வீட்டில் மழை விடாத ஒரு வாரத்தில் போட உடுப்பு இருக்காது.

7. மழை மறைப்பவற்றைக் கேட்டு அறியுங்கள்

மார்கழியில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும், எல்லாத் தண்ணீரும் உவர்ப்பில்லாத தண்ணீர்தான். ஆவணியில்தான் உண்மை தெரியும். கடலுக்குக் கிட்டிய மணல் வளவுகளில் கோடையில் நீர்மட்டம் இறங்கித் தண்ணீர் உவர்த்துவிடும். சோப்பு நுரைக்காது, தலை பிசுபிசுக்கும். "ஆவணி மாதம் இந்தக் கிணற்றில் குளிக்கலாமா, மோட்டர் எவ்வளவு நேரம் இறைக்கும்?" என்று முன்பு இருந்தவர்களிடமோ அயலவரிடமோ கேளுங்கள்.

இரண்டாவது வெக்கை. மழைக்குளிரில் நிற்கும்போது சீற் கூரை வீடு இதமாகத் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே அறைக்குள் மத்தியானம் இருக்க முடியாது. சீலிங் அடித்திருக்கிறதா, மேற்குப் பக்கச் சுவருக்கு மர நிழல் உண்டா, இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்து காற்று ஊடுமா என்று பாருங்கள்.

மூன்றாவது சத்தம். இப்போது அமைதியாகக் கிடக்கும் கடற்கரை ஒழுங்கை, சீசன் வந்து, நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவுக்குச் சுற்றுலா வள்ளம் ஓடத் தொடங்கியதும் வேறு இடமாகிவிடும். இரவு இரண்டு மணி வரை பாட்டுக் கேட்கலாம். பக்கத்து வீடுகளில் ஹோட்டல் பலகை தொங்குகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

8. வீட்டுக்காரருடன் கதைத்தல்

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்காமல், நிதானமாகக் கதைக்கக்கூடிய ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு பேர் போனால் போதும். ஆறு பேர் மொத்தமாகப் போய் முற்றத்தில் நின்றால் வீட்டுக்கார அம்மாவுக்குப் பயம் வருவது இயல்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, "வணக்கம் ஐயா", "அன்ரி" என்று மரியாதையாகத் தொடங்கி, எந்த ஊர், என்ன படிக்கிறோம், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் வாடகையை மட்டும் பார்ப்பதில்லை, வீட்டுக்குள் யாரை விடுகிறோம் என்று பார்க்கிறார்கள். முடிந்தால் ஒருவரின் அப்பாவோ அம்மாவோ அவர்களுடன் போனில் இரண்டு வார்த்தை கதைக்கட்டும். பேரம் பேசிக் குறைக்க முடியாத இடத்திலும் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சைவ வீட்டு வளவுக்குள் அனெக்ஸ் என்றால் மச்சம் சமைக்கலாமா என்று முதலே கேளுங்கள். "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் பிள்ளை" என்று சொல்பவரும் உண்டு, "முட்டைகூடக் கூடாது" என்பவரும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் ஏற்காதீர்கள். ஏற்றுக்கொண்டு ஒளித்துச் சமைத்தால் மணம் காட்டிக்கொடுத்துவிடும், அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்கும் அந்த வீடு கிடைக்காது.

பெண் பிள்ளைகள் கேற் நேரத்தைத் தெளிவாகக் கதையுங்கள். நூலகத்திலோ ஆய்வுகூடத்திலோ பிந்தும் நாட்கள் வரும், மழைக்குப் பஸ் பிந்தும். "ஆறரைக்குப் பிறகு வந்தால் போன் எடுத்துச் சொன்னால் சரியா அன்ரி?" என்று கேட்டு உடன்பாடு செய்யுங்கள். தம்பி, அப்பா வந்தால் உள்ளே வரலாமா என்பதையும் கேளுங்கள்.

வாடகையைக் குறைக்கச் சொல்வதைவிட, திருத்த வேலைகளைக் கேட்பது பலன் தரும். ஒழுகும் ஓட்டை மாற்றுவது, ட்ரிப் சுவிட்ச் போடுவது, கக்கூஸ் கதவுக்குக் கொழுக்கி வைப்பது. இவற்றைக் குடிபுகும் முன் செய்து தரச் சொல்லுங்கள். குடிபுகுந்த பிறகு எல்லாம் "நாளைக்கு" ஆகிவிடும்.

9. மீற்றரும் பில்லும்

வீட்டுக்காரரின் மீற்றரில் இருந்தே உங்கள் அனெக்ஸுக்கும் கரண்ட் வருகிறதென்றால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வீட்டுப் பாவனைக்கு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யுனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு கணக்கு, தாண்டிய வீட்டுக்கு வேறு கணக்கு. அதற்கு மேல் 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யுனிட் விலை கூடும். நீங்கள் 55 யுனிட், வீட்டுக்காரர் 55 யுனிட் எடுத்தால் தனித்தனி மீற்றரில் இருவரும் குறைந்த கட்டணத்தில் நிற்பீர்கள். ஒரே மீற்றரில் அது 110 யுனிட். இருவருக்குமே விலை கூடும்.

தனி மீற்றர் இல்லை என்றால் உப மீற்றர் போடச் சொல்லுங்கள், பில்லை யுனிட் விகிதப்படி பிரிப்போம் என்று பேசுங்கள். "ஆளுக்கு இவ்வளவு" என்ற நிலையான தொகை கேட்டால், ஹொட்பிளேற், அயர்ன், ரைஸ் குக்கர் பாவிக்கலாமா என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் சண்டை வராது.

10. முதலில் எழுத்து, பிறகு அட்வான்ஸ்

"தெரிந்த மனிசர்தானே, எழுத்து எதற்கு?" என்று பிள்ளைகளும் சொல்கிறார்கள், வீட்டுக்காரரும் சொல்கிறார். எழுத்து நம்பிக்கை இல்லாததால் அல்ல. ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்போம், அதற்காகத்தான்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். ஒரு வருடத்துக்கென்று பெரிய அட்வான்ஸ் கொடுப்பவர்கள் நொத்தாரிசிடம் போய்விடுங்கள். செலவை நான்கு பேர் பிரித்தால் பெரிதாகத் தெரியாது.

அந்த அளவுக்கு வீட்டுக்காரர் வரமாட்டார் என்றால், குறைந்தது ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திடுங்கள். அது நொத்தாரிசு உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எவ்வளவு காசு, எந்தத் திகதி, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம். எழுத வேண்டியவை: வாடகை, கட்டும் திகதி, அட்வான்ஸ் தொகை, அது திரும்புவதா கழிவதா, எத்தனை மாதம், விடுவதற்கு எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும், பில்கள் யார் பொறுப்பு, வீட்டில் உள்ள தளபாடங்கள். இவற்றோடு இந்த ஊருக்கென்று ஒரு வரி சேருங்கள்: "மே தொடக்கம் செப்டெம்பர் வரையான மாதங்களிலும் வாடகையும் குடியிருப்பும் மாறாது." உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு எடுக்கிறவர்கள் இந்த வரி இல்லாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வீடு உண்மையில் அவருடையதா என்று பாருங்கள். கரண்ட் பில்லில் யார் பெயர் இருக்கிறது? வேறு பெயர் என்றால் அவர் யார்? வெளிநாட்டில் இருக்கும் மகனின் வீட்டை அப்பா வாடகைக்கு விடுவது இங்கே வழமை. அப்படியென்றால் மகனோடு ஒருமுறை வீடியோ கோலில் கதைத்துவிடுங்கள்.

அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், கொடுங்கள். பிரதிக்குக் குறுக்கே "வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் போடுங்கள். காசை முடிந்தவரை வங்கி மூலம் போடுங்கள். கையில் கொடுத்தால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் போட்டால் முழுப் பொறுப்பும் அவர் தலையில் விழும். எல்லோர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

11. குடிபுகும் நாள்

சாமான் இறக்குவதற்கு முன், வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். வெடிப்பு, கறை, உடைந்த கண்ணாடி எல்லாம் தெரிய வேண்டும். கரண்ட் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் இலக்கம் தெரியப் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவர்களின் நிலுவை உங்கள் மேல் வராமல் இருக்க இதுதான் வழி.

வாசல் பூட்டை மாற்ற அனுமதி கேளுங்கள், பழைய திறப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பகுதியின் கிராம உத்தியோகத்தர் யார் என்று கேட்டு, வீட்டுக்காரரோடு போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்து இடம்பெயர வேண்டியிருந்தால் அவருடைய பட்டியலில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். டவுனுக்குள் வீடு என்றால் குப்பை எடுக்கும் நாளைக் கேட்டு அன்றைக்கு மட்டும் வெளியே வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் வீதியில் திரியும் மான்கள் பையைக் கிழித்துப் பொலித்தீனைத் தின்றுவிடும். அந்தப் பிராணிகள் அதனால் செத்துப் போகின்றன.

12. முதல் மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டியவை

பொதுச் செலவுக்கு ஒரு கொப்பி போடுங்கள். அரிசி, தேங்காய், காஸ், சவர்க்காரம் என்று யார் எதற்குக் காசு கொடுத்தாலும் அன்றே எழுதி, மாதக் கடைசியில் ஒன்றாக இருந்து கணக்கு முடியுங்கள். வாடகையைத் திகதிக்கு முதல் நாளே ஒருவர் சேர்த்துக் கட்டட்டும், அந்தப் பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். எப்போதும் ஒரே ஆள் காசு கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஆள்தான் எல்லோருக்கும் கெட்டவராகத் தெரிவார்.

மழை இன்னும் இருக்கும்போதே ஒழுகும் இடங்களைப் படமெடுத்து வைத்து, தை பிறந்து வெயில் வந்ததும் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். கூரையில் ஏறி வேலை செய்ய ஆள் கிடைப்பது அப்போதுதான். பங்குனி தொடங்கியதும் அவரிடம் போய், ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சீசனுக்கும் நாங்கள் இருக்கிறம்தானே அன்ரி?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்று சொல்வதாக இருந்தாலும், சித்திரைப் புதுவருடத்துக்கு முன்பே சொல்லட்டும். வேறு வீடு தேட உங்களுக்கு ஒரு மாதமாவது வேண்டும்.